குனோங் இராவ் மலையில் மூடுபனி: வரிசையின் நடுவில் நடப்பவர்களுக்கு

பேராக்கில் பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் பக்கமிருந்து இப்போதெல்லாம் நம்ம ஆள்கள் சனி ஞாயிறு வந்தால் மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். பூப்பந்து நண்பர்கள், கோயில் இளைஞர்கள், பழைய தமிழ்ப்பள்ளிக் கூட்டாளிகள் என்று ஆளாளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. உடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது, போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் போன நவம்பரில் கேமரன் மலையில், குனோங் இராவ் காட்டுக்குள், ஒரு முழு இரவைத் தனியாக உட்கார்ந்து கழித்துவிட்டு வந்திருக்கிறேன். ஏறுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த இரவே வந்திருக்காது என்று இப்போதும் தோன்றுகிறது. தமிழில் தேடினால் எனக்கு உச்சியில் எடுத்த படங்கள்தான் கிடைத்தன, அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பீடோருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். அம்மா பால்மரம் வெட்டியவர், நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்களைப் போன்றவர்களுக்குக் காடு ஒன்றும் புதுசில்லை என்ற நினைப்பு எப்போதும் உண்டு. அன்றைக்கு வந்த எல்லோருக்கும் அந்த நினைப்பு இருந்தது. ஆனால் நமக்குப் பழக்கமானது தோட்டம். தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும், எந்த நிரையில் மாட்டிக்கொண்டாலும் நேராக நடந்தால் ஒரு மண்சாலை வந்துதான் ஆகும், அந்தச் சாலையில் ஒரு டிராக்டரோ மோட்டார்சைக்கிளோ வந்துதான் ஆகும். இராவ் மேலே இருப்பது பாசிக்காடு. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, தரையிலிருந்து கிளைவரை பாசி போர்த்தி நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால் வந்த வழியே தெரியாது, அதுவும் வெயில் அடிக்கிற நாளில்.

உயரக் கணக்கைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடாதீர்கள். இராவ் 2,110 மீட்டர். ஏறத் தொடங்கும் இடம் பிரிஞ்சாங் மலைச் சாலையில் ஏறக்குறைய 2,000 மீட்டரிலேயே இருக்கிறது. அப்புறம் என்ன, நூறு மீட்டர்தானே என்றுதான் எங்கள் குழுவில் பேச்சு ஓடியது. நடந்து பார்த்தால் தெரியும். ஏறி இறங்கி, மறுபடி ஏறி, வேரைப் பிடித்துத் தொங்கி, கயிற்றில் இறங்கி, முழங்கால் வரை சேற்றில் கால் புதைந்து, போதாததற்கு உச்சி மாதிரியே ஒரு போலி உச்சி வேறு வந்து போகும். போக மூன்று நான்கு மணி நேரம், திரும்ப ஏறக்குறைய அதே நேரம். தூரம் சில கிலோமீட்டர்தான், அதனால் இங்கே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள்.

அடுத்து மாதம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது கிழக்குக் கரையில் இருக்கிற கிளந்தான், திரெங்கானுக்குத்தானே, நமக்கென்ன என்று பேராக் பக்கத்தில் இருக்கிற நாம் நினைத்துக்கொள்கிறோம். பருவம் மாறுகிற அக்டோபர், நவம்பரில்தான் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் கொட்டும். கேமரன் மலையில் அதிக மழை பெய்கிற மாதங்களும் அவைதான். தீபாவளி லீவு எல்லோருக்கும் ஒத்துவருகிறது என்பதற்காகப் பார்த்த தேதி அது. தாப்பாவில் இருந்து மேலே பார்த்தால் மலையில் மேகம் உட்கார்ந்திருக்கும் இல்லையா, அந்த மேகத்துக்குள் நடப்பதைத்தான் மேலே போனவர்கள் மூடுபனி என்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை. உள்ளே போனபிறகு அது நகராது, நாம்தான் நகரவேண்டும்.

நாங்கள் ஏழு பேர், கூட ஒரு வழிகாட்டி. ஆளுக்கு 130 வெள்ளி (ரிங்கிட்), பெர்மிட்டும் அதிலேயே அடக்கம். பெர்மிட் விஷயத்தில் மட்டும் யாரும் விளையாடாதீர்கள். வனக் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, பெர்மிட் தாளில் நம் பெயர் இருந்தால்தான் நாம் உள்ளே போனது வெளியே யாருக்காவது தெரியும். இந்தப் பாதையை அவ்வப்போது மூடியும் வைப்பார்கள், அதனால் போகிற வாரத்தில் வனத்துறையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எங்களுடைய பெர்மிட் சரியாகவே இருந்தது. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு பீடோரில் கிளம்பி, தாப்பா பழைய சாலையில் ஏறி, லத்தா இஸ்கந்தார் தாண்டி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஓடும் அந்தக் குறுகல் சாலை. நாசி லெமாக் பொட்டலம் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தபோது எட்டரை. வானம் வெளுத்துத்தான் இருந்தது. முன்னால் மூன்று வாலிபப் பையன்கள், நடுவில் நானும் என் தோழியும், பின்னால் ஒரு அண்ணனும் அண்ணியும், அதாவது நாங்கள் அப்படிக் கூப்பிடுகிற தம்பதி, இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சேறு நினைத்ததைவிட அதிகம். பதினொன்றரைக்கெல்லாம் வெள்ளை இறங்கிவிட்டது. உச்சியில் போய் நின்றபோது ஒரு மணி ஆகப்போகிறது, எந்தக் காட்சியும் இல்லை, பெயர்ப்பலகையும் எங்கள் முகங்களும்தான். எல்லோரும் படம் எடுத்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடவேண்டும் என்று ஏறுவதற்கு முன்பே, கீழே காடியை நிறுத்தும் இடத்திலேயே, ஒரு நேரத்தை வாய்விட்டுச் சொல்லி எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். மேலே போனபிறகு இதைப் பேசமுடியாது. உச்சி பக்கம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்ற நிலையில் திரும்பலாம் என்று சொல்கிற முதல் ஆளாக யாரும் இருக்க விரும்பமாட்டார்கள். நண்பர்கள் என்றால் இன்னும் கஷ்டம், மற்றவர்களின் நாளைக் கெடுத்துவிட்டோம் என்று ஆகிவிடுமே. நேரம் முன்கூட்டியே முடிவானால் அந்தச் சங்கடம் யாருக்கும் இல்லை, கடிகாரம் பார்த்துக்கொள்ளும். நவம்பரில் ஏழு மணிக்குச் சூரியன் மறையும், ஆனால் பாசிக்காட்டுக்குள், மேகத்துக்குள், ஆறு மணிக்கே இருட்டு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உச்சி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பியிருக்கவேண்டும்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கயிற்றுப் பகுதியில் பையன்களில் ஒருவன் சறுக்கி உள்ளங்கையை நன்றாகக் கிழித்துக்கொண்டான். வழிகாட்டி கட்டுப்போட்டு அவனைச் சீக்கிரம் கீழே கொண்டுபோகவேண்டும் என்று முன்னால் நடந்தார், மற்ற இரண்டு பையன்களும் அவரோடு போனார்கள். “அக்கா, நீங்க பாதையப் பிடிச்சே வாங்க, பின்னாடி அண்ணன் வர்றாரு” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அண்ணிக்குத் தொடை பிடித்துக்கொண்டதால் என் தோழி அவருக்குத் துணையாகப் பின்னால் நின்றுவிட்டாள். அப்படியாக முன்னால் நாலு பேர், பின்னால் மூன்று பேர், நடுவில் நான். அந்த நேரத்தில் இதில் எந்தத் தப்பும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நடுவில் இருப்பதுதான் பத்திரம் என்றுதான் நினைத்தேன், முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அடுத்த வரிக்காகத்தான். மூடுபனியில் தொலைவது நடுவில் நடக்கிற ஆள். முன்னால் போகிறவர் வழிகாட்டியோடு இருப்பார். கடைசியில் வருகிறவரைப் பற்றி எல்லோருக்கும் கவலை இருக்கும், வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்ப்பார்கள். நடுவில் இருப்பவரை முன்னால் உள்ளவர்கள் பின்னால் இருப்பதாக நினைப்பார்கள், பின்னால் உள்ளவர்கள் முன்னால் போய்விட்டதாக நினைப்பார்கள். இரண்டு பக்கமும் நிம்மதியாக நடப்பார்கள். என் விஷயத்தில் அதுதான் அப்படியே நடந்தது. என் தோழி பிறகு அழுதுகொண்டே சொன்னாள், “நீ முன்னாடி போயி டீ குடிச்சிக்கிட்டு இருப்பேன்னு நெனச்சேண்டி, உன்னப் பத்தி கவலையே படல.”

பாதையில் ஒரு பெரிய சேற்றுக்குழி. இந்த மாதிரிக் குழிகளைத் தவிர்க்க ஆள்கள் ஓரமாகச் சுற்றுவழி மிதித்து வைத்திருப்பார்கள், ஒன்று இரண்டு அல்ல, பல. பெரும்பாலும் பத்தடியில் பாதையோடு சேர்ந்துவிடும். நான் போனதில் காலடித் தடம் இருந்தது, ஒரு மரக்கிளையில் சிவப்பு நாடாவும் கட்டியிருந்தது. விழுந்துகிடந்த ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது, அப்புறம் தடம் நின்றுவிட்டது. கூடாரம் போடவோ ஒதுங்கவோ யாரோ வந்து போன இடம் போலிருக்கிறது. நாடாவை நம்பாதீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: நாடா கட்டுவது பல குழுக்கள், பல வருடங்கள், பல காரணங்கள். ஒரு நாடாவிலிருந்து அடுத்த நாடா கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது வழி. தெரியாவிட்டால் முதல் நாடாவிலேயே நின்றுவிடவேண்டும்.

திரும்பி வந்த பக்கமாகவே நடந்தேன், அந்த விழுந்த மரத்தைக் காணவில்லை. மேகம் அவ்வளவு அடர்த்தி, கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது. அடுத்த எட்டு வைத்தபோது பாசிக்குக் கீழே தரையே இல்லை, வேர்களுக்கு நடுவே பொந்து. இடது கால் உள்ளே போக, உடம்பு ஒரு பக்கம் சாய, முட்டியில் ஏதோ விட்டுப்போனது எனக்கே கேட்டது. கத்தினேன். வலிக்காக முதலில், பிறகு ஆள் பேர் சொல்லி. ஒரே ஒரு தடவை பேச்சுச் சத்தம் கேட்டது, அண்ணனுடைய குரல்தான். எந்தத் திசை என்று சத்தியமாகத் தெரியவில்லை. நான் பதிலுக்குக் கத்தியது அவர்களுக்குக் கேட்கவே இல்லையாம். மழையும் பாசியும் குரலை அப்படியே உறிஞ்சிவிடும். விசில் சத்தம் கூர்மை, கத்துவதைவிட எவ்வளவோ தூரம் போகும், தொண்டையும் கட்டாது. மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று என்றால் ஆபத்து என்று மலையில் நடப்பவர்களுக்குப் புரியும். ஐந்து வெள்ளிதான். பைக்குள் போடாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அவர்கள் குரல் போனபிறகு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுதேன். கோபம் வந்தது, எல்லோர் மேலும். எழுந்து ஏதாவது ஒரு பக்கம் ஓடவேண்டும் என்று உடம்பு துடித்தது, முட்டி விடவில்லை, இப்போது யோசித்தால் அதுவும் நல்லதுக்குத்தான். அப்பா இருந்தபோது சொல்வார், வழி தவறினால் நின்ற இடத்தில் நில், தேடுகிறவன் ஒருத்தன் நடந்தால் போதும், இரண்டு பேரும் நடந்தால் சந்திக்கவே மாட்டீர்கள் என்று. தோட்டத்து ஓரக் காட்டில் மாடு தேடிப் பழகிய மனிதர். அதைப் பிடித்துக்கொண்டேன். கீழே எங்கேயோ நீர் ஓடும் சத்தம் கேட்டது, ஓடையைப் பிடித்தால் ஊர் வரும் என்று பலர் சொல்வார்கள், நம் மலைகளில் ஓடையைப் பிடித்தால் பெரும்பாலும் வழுக்குப்பாறையும் அருவியும்தான் வரும், மேலிருந்து தேடுகிறவர்களுக்கும் தண்ணீர்ச் சத்தத்தில் நம் குரல் கேட்காது. பாதையில் இருந்து நான் இருந்த இடம் நூறு மீட்டர்கூட இல்லை என்று மறுநாள் தெரிந்தது. இறங்கியிருந்தால் என்னைக் கண்டுபிடித்திருப்பார்களா என்று தெரியாது. 1967 மார்ச்சில் தானா ராத்தாவில் காணாமல் போன ஜிம் தாம்சனை, தாய்லாந்துப் பட்டு வியாபாரம் செய்த அந்த அமெரிக்கரை, போலீஸ், ராணுவம், பூர்வக்குடி மக்கள் என்று எல்லோரும் சேர்ந்து தேடியும் இன்றுவரை ஒரு துப்பும் கிடைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை அது, அன்று இரவு வேண்டாம் வேண்டாம் என்றாலும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. வரைபடச் செயலியைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வாங்குவது. ஆனால் வரைபடத்தையும் நடக்கும் தடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருந்தால்தான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம். இருந்தாலும் அந்தப் புள்ளிதான் என்னைக் காப்பாற்றியது. அதை அழுத்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அந்த எண்களை ஒரு குறுஞ்செய்தியாக எழுதி, “முட்டி அடி, உயிரோட இருக்கேன், எடத்த விட்டு நகர மாட்டேன்” என்று சேர்த்து, வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். போகவில்லை. மறுபடி மறுபடி அனுப்பினேன். இணையம் வேண்டிய வாட்ஸ்அப்பைவிட சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்குக் கொஞ்ச நேரச் சிக்னல் போதும். ஒன்பது மணி தாண்டி, மழை விட்ட நேரத்தில், ஒரே ஒரு கோடு எட்டிப்பார்த்துவிட்டுப் போனது, அந்த இடைவெளியில் செய்தி போய்விட்டது. மற்ற நேரமெல்லாம் விமானப் பயன்முறையில் போட்டு, உடம்போடு ஒட்டி உள்ளாடைக்குள் வைத்திருந்தேன், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பேசுகிற அளவுக்குச் சிக்னல் கிடைத்தால் 999, அல்லது 112.

குளிரைப் பற்றி விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் குளிரில் ஆள் சாகலாம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். பீடோரில் மின்விசிறி போட்டுத் தூங்குகிற இரவில் மேலே பதினைந்து டிகிரியோ அதற்கும் கீழேயோ இருக்கும். பதினைந்து டிகிரி காய்ந்த உடம்புக்கு ஒன்றுமில்லை. நனைந்த உடம்புக்கு, காற்றும் சேர்ந்தால், அது போதும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், பருத்தி டீசட்டை அந்தத் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் மூளை மந்தமாகும், கை சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும், கால் தடுமாறும். நடுக்கம் இருக்கிறவரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். சூடு எதுவும் கிடைக்காமலே நடுக்கம் நின்றால் அதுதான் ஆபத்து. நண்பர்களில் ஒருவர் இப்படித் தடுமாறினால் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். நனைந்ததைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, காற்றிலிருந்து மறைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பாகச் சூடாக எதையாவது கொடுக்கவேண்டும். கை காலை அழுத்தித் தேய்க்கக்கூடாது.

என் பையில் கீழே வந்து மாற்றுவதற்கென்று ஒரு நீளக்கைச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். அது அப்படியே காய்ந்து இருந்தது. இருட்டுவதற்கு முன்பே நனைந்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டு, மேலே மழைக்கோட்டு, அதற்கு மேல் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டேன். தரையில் நேராக உட்காராமல் பையைக் காலிசெய்து அதன்மேல் உட்கார்ந்தேன், ஈரத்தரை அடியிலிருந்தே சூட்டை உறிஞ்சும். தீபாவளி முறுக்கு ஒரு டப்பா இருந்தது, ஒரே தடவையில் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தேன். தலைவிளக்கு இருந்தது. மூடுபனியில் அதை நெற்றியில் மாட்டிப் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கையில் எடுத்து இடுப்புக்குக் கீழே பிடித்தால் தரை தெரிகிறது. நள்ளிரவு தாண்டி நடுக்கம் பற்களில் வந்துவிட்டது. முனியாண்டி சாமியை, அம்மாவை, யார் யாரையோ கூப்பிட்டேன். தூங்கக்கூடாது என்று பதினாறாம் வாய்ப்பாடு வரை சத்தமாகச் சொன்னேன். விடிய விடிய அந்தக் குளிரில் எனக்குத் தோன்றியதெல்லாம், கீழே யாராவது தலையை எண்ணினார்களா என்ற ஒரே கேள்வி.

எண்ணியிருக்கிறார்கள், ஆனால் ஆறரை மணிக்குத்தான். முன்னால் போனவர்கள் அடிபட்ட பையனை உடனே காடியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வழிகாட்டி மட்டும் காத்திருந்தார். பின்னால் வந்த மூன்று பேர் இறங்கியபோதுகூட நான் அந்தக் காடியில் போயிருப்பேன் என்று ஒரு பேச்சு வந்ததாம், மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டபிறகுதான் நான் மலையில் இருப்பது உறுதியானது. வழிகாட்டி விளக்கோடு மறுபடி உள்ளே போய், கயிறு வரை வந்து கூப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதற்குள் போலீசுக்கும், பொம்பா என்கிற தீயணைப்பு மீட்புத் துறைக்கும் சொல்லிவிட்டார்கள். என் செய்தி வீட்டுக்காரருக்குப் போய், அவர் அந்த எண்களைப் பொம்பாவிடம் கொடுத்தது மிகப் பெரிய உதவி என்று அவர்களே பிறகு சொன்னார்கள். வெளிச்சம் வந்ததும் ஏறினார்கள், கூடவே பூர்வக்குடி அண்ணன்கள் இருவர். முதலில் என் விளக்கைப் பார்த்தது அவர்களில் ஒருவர்தான். எட்டு மணிக்குமேல் அவர் கொடுத்த சூடான மைலோவைப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை, அவரே பிடித்துக் குடிக்க வைத்தார். அந்த மனிதரிடம் பெயர்கூடக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

பண விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் வெளியே சொல்வதில்லை. என்னைத் தூக்கிவந்த பொம்பா ஒரு சென் வாங்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் பதிவுக்கட்டணம் ஒரு வெள்ளி, எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கலாம் என்றார்கள். ஸ்கேனுக்கு வரிசை நீளம் என்பதால் ஈப்போவில் தனியாரிடம் போனேன், ஸ்கேனும் நிபுணரும் சேர்த்து 1,350 வெள்ளி, முட்டிக் கவசம் 180, நனைந்து செத்த கைப்பேசிக்குப் பதில் புதுசு 1,400. வருட விடுப்பு முழுக்கப் போய், மேற்கொண்டு சம்பளமில்லாத விடுப்பும் எடுத்ததில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போச்சு. பல வருடமாகக் கட்டிவரும் விபத்துக் காப்புறுதியில் கேட்டால், மலையேற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கிறதாம், சின்ன எழுத்தில். உங்கள் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள், மலையேற்றம், கயிறு, உயரம் என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று. ஒருநாள் பயணக் காப்புறுதி தனியாக எடுக்கிற வசதியை வழிகாட்டிகள் சிலர் செய்து தருகிறார்கள், எங்களுக்கு அது சொல்லப்படவே இல்லை.

பணத்தைவிட ஆள்களின் பேச்சு அதிகமாக வலித்தது. தாமானில் பெட்டிக்கடை வரைக்கும் போகமுடியவில்லை, “பொம்பளைக்கு எதுக்கு மலை” என்று என் காதுபடவே கேட்டார்கள். மலையில் அடிபட்ட பையனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போய்ச் சேவல் நேர்ந்துவிட்டு வந்து, எனக்கு இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். இரவில் விழிப்பு வந்தால் இன்னும் அந்த நடுக்கம் உடம்பில் வருகிறது. இது சில மாதம் இருக்கும், பேசினால் குறையும் என்று கிளினிக் டாக்டர் சொன்னார், உண்மையாகவே எழுத எழுதக் கொஞ்சம் இறங்குகிறது. நண்பர்களோடு முதலில் பேசவே பிடிக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதபிறகு சரியாகிவிட்டது. வராத ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றி எழுத விருப்பமில்லை.

வழிகாட்டியும் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கையில் ரத்தம் ஒழுகும் பையனை வைத்துக்கொண்டு ஒரே ஆளாக என்ன செய்வார் என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். கடைசியில் நடக்கிற ஆள் யார்? ஒருவருக்கு அடிபட்டால் அவரை யார் கொண்டுபோவார், மற்றவர்களோடு யார் இருப்பார்? முன்னும் பின்னும் வாக்கி டாக்கி உண்டா? மூடுபனி வந்தால் எவ்வளவு இடைவெளி? எங்கள் குழுவில் இப்போது மேகம் இறங்கினால் முன்னால் நடப்பவரின் பை கண்ணுக்குத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் முழு வரிசையும் நிற்கவேண்டும். ஒவ்வொரு ஏணியிலும் கயிற்றிலும் தோட்டத்துக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் ஆளாளுக்குத் தன் எண்ணைச் சொல்லவேண்டும். ஏறுவதற்கு முன்பே இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுகிறோம், ஒற்றைப்படை என்றால் மூன்று பேர் ஒரு கூட்டு. ஜோடியை விட்டுவிட்டு யாரும் வேகமாகப் போகக்கூடாது, மெதுவாகவும் பின்தங்கக்கூடாது, யாருக்கு அடிபட்டாலும் சரி. பெயர்ப்பட்டியலும் திரும்பும் நேரமும் வீட்டில் இருக்கிற ஒருவரிடம் இருக்கும், அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாண்டியும் போன் வராவிட்டால் அவர் யாரையும் கேட்காமல் 999ஐக் கூப்பிடலாம்.

மறுபடி போவியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முட்டிக்குப் பயிற்சி நடக்கிறது, டாக்டர் சரி என்றால் போவேன், மழை குறைவாக இருக்கிற பிப்ரவரி வாக்கில். அதே வழிகாட்டிதான், ஆனால் இனி அவர் தம்பியும் கூட வருவார், கடைசி ஆளாக. அதற்காக ஆளுக்கு 40 வெள்ளி கூடுதலாகக் கேட்டார், பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டோம்.